உபுண்டு 24.04-க்கு ஏற்றிய பிறகு போஸ்ட்கிரெஸ் எந்த கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிறது?

உப்பனாறு, கடலூர்:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்து மொத்த வியாபார அலுவலகம். சர்வரை உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றியாகிவிட்டது. ரேம் 16 ஜிபி. பில்லிங் மென்பொருளுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். புதுச்சேரி தட்டாஞ்சாவடி கிளையும் வயர்கார்ட் விபிஎன் வழியாக இதே டேட்டாபேஸுக்குத்தான் வர வேண்டும். விபிஎன்னில் சர்வரின் முகவரி 10.8.0.1.

ஏற்றியதிலிருந்து கான்ஃபிக் ஃபைலில் எதை மாற்றினாலும் ஏறுவதில்லை. லிசன்_அட்ரசஸ் (எந்த முகவரிகளில் இணைப்பு ஏற்பது என்ற அமைப்பு) மாற்றியும் கிளையில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றே வருகிறது. ஷேர்டு_பஃபர்ஸ் (போஸ்ட்கிரெஸுக்கு ஒதுக்குகிற ரேம்) 4 ஜிபி என்று போட்டிருக்கிறது, சர்வர் 128 எம்பி என்கிறது. ரீஸ்டார்ட் ஒரு பிழையும் இல்லாமல் போகிறது. தேடினால் ஒரே பெயரில் மூன்று ஃபைல் கிடைக்கிறது:

/எட்சி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்
/எட்சி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/16/மெயின்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்
/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்

மாற்றங்கள் போட்டிருப்பது 16-இல். மூன்றாவது, முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வைத்த நகல் போலிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் டேட்டா அடைவுக்குள்தான் கான்ஃபிக் இருக்கும் என்று போட்டிருக்கிறதே, இன்ஸ்டாலர் ஏன் எட்சியில் கொண்டுபோய் வைக்கிறது?

கூடவே இன்னொன்று. கிளையில் ஒரு விண்டோஸ் மெஷினில் வருகைப்பதிவுக்காக மைஎஸ்க்யூஎல் 8.0 ஓடுகிறது. அதன் கான்ஃபிக்கான மை.இனி ஃபைல் புரோகிராம் ஃபைல்ஸில் இல்லவே இல்லை.

கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே போடுங்கள், ஃபோனில் படிக்க வசதி. டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்கிறேன்.


கெடிலக்கரை:

ஃபைலைத் தேடுவதை விடுங்கள் சார். ஓடுகிற சர்வரையே கேளுங்கள், எதைப் படித்தேன் என்று அதுவே சொல்லும். முதலில் இது:

பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்

டெபியன், உபுண்டு லினக்ஸ் குடும்பத்தில் இருக்கிற கட்டளை. பதிப்பு, கிளஸ்டர் (ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர் நடத்துகிற டேட்டாபேஸ் தொகுதி) பெயர், போர்ட், நிலை, உரிமையாளர், டேட்டா அடைவு, லாக் ஃபைல் எல்லாம் ஒரே வரியில் வரும். உங்களுக்கு இரண்டு வரி வரும் என்று நினைக்கிறேன்: 14 மெயின் 5432-இல், 16 மெயின் 5433-இல்.

22.04-இன் சொந்தப் பதிப்பு 14, 24.04-இன் சொந்தப் பதிப்பு 16. ஓஎஸ்ஸை ஏற்றும்போது 16-ம் நிறுவப்பட்டு, அதற்கென்று காலியான புது கிளஸ்டர் ஒன்று உருவாகிவிடும். 5432-ஐ 14 பிடித்து வைத்திருப்பதால் அடுத்த காலி போர்ட்டான 5433 அதற்குப் போகும். உங்கள் தரவு தானாக 16-க்கு நகராது. பில்லிங் மென்பொருள் இன்றும் 14-இடம்தான் பேசுகிறது, நீங்கள் திருத்துவது 16-இன் ஃபைலை.

உறுதி செய்ய:

சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல் -பி 5432

உள்ளே போய் மூன்று கேள்வி:

ஷோ கான்ஃபிக்_ஃபைல்;
ஷோ எச்பிஏ_ஃபைல்;
ஷோ டேட்டா_டைரக்டரி;

-பி போட மறக்காதீர்கள். எந்தப் போர்ட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த கிளஸ்டரின் பதில்தான் வரும்.

"ரீஸ்டார்ட் பிழையில்லாமல் போகிறது" என்பதை நம்ப வேண்டாம். இங்கே போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சர்வீஸ் என்பது வெறும் குடை. அது ஓட்டுவது /பின்/ட்ரூ, எப்போதும் வெற்றி என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. உண்மையான சர்வீஸ் பெயரில் @ இருக்கும்:

சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின்

கான்ஃபிக்கில் தப்பு இருந்தால் இப்படி ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அடிக்கடி வருகிற தப்பு அலகு. ஜிபி என்பதைச் சிறிய எழுத்தில் எழுதினால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது, கிளஸ்டர் எழவே எழாது. ஜி, பி இரண்டும் பெரிய எழுத்து. எம்பியும் அப்படியே. கேபிக்கு மட்டும் முதல் எழுத்து சிறியது.

ஏன் எட்சி? மூலக் குறியீட்டிலிருந்து நேரடியாக நிறுவி, கிளஸ்டர் உருவாக்கும் இனிட்டிபி கட்டளையை ஓட்டினால், கான்ஃபிக்கும் டேட்டாவும் ஒரே அடைவில்தான் உட்காரும். ரூட் உரிமை இல்லாத சாதாரண பயனரும் எங்கே வேண்டுமானாலும் ஒரு கிளஸ்டர் தொடங்கலாம் என்பது அந்த ஏற்பாடு. ஆவணம் சொல்வது அதை. டெபியன்காரர்களோ, மனிதர் கை வைத்துத் திருத்துகிற ஃபைல் எட்சியில், நிரல் எழுதுகிற தரவு வாரில் என்ற அடைவு விதியைக் கறாராகப் பிடிப்பவர்கள். அதோடு ஒரே மெஷினில் பல பதிப்புகளை அருகருகே ஓட்ட வேண்டும், அதனால்தான் பாதையிலேயே பதிப்பு எண்ணும் கிளஸ்டர் பெயரும். இப்போது இடிக்கிற மாதிரி இருந்தாலும், 14-இலிருந்து 16-க்கு மாறும்போது இந்தப் பிரிப்பின் அருமை தெரியும்.

ராக்கி, ரெட்ஹாட் பக்கம் போனால் ஓஎஸ்ஸோடு வருகிற தொகுப்பு /வார்/லிப்/பிஜிஎஸ்க்யூஎல்/டேட்டா, போஸ்ட்கிரெஸ் குழுவின் சொந்த ரெப்போ என்றால் நடுவில் பதிப்பு எண் சேர்ந்து /வார்/லிப்/பிஜிஎஸ்க்யூஎல்/16/டேட்டா. இரண்டிலும் கான்ஃபிக் டேட்டாவுக்குள்ளேதான். இணையத்து வீடியோக்களில் பாதி அந்தப் பாதையைச் சொல்கின்றன. உங்கள் மூன்றாவது ஃபைல் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அதை யாரும் படிப்பதில்லை. பிஎஸ் கட்டளையில் போஸ்ட்கிரெஸ் பிராசஸின் முழு வரியைப் பாருங்கள், -சி கான்ஃபிக்_ஃபைல்= என்று எட்சி பாதை கூடவே ஒட்டியிருக்கும்.


உப்பனாறு, கடலூர்:

நன்றி சார், சொன்னபடியே 14 மெயின் 5432, 16 மெயின் 5433. ஷோ கான்ஃபிக்_ஃபைல் காட்டுவது எட்சியில் உள்ள 14. அதில் லிசன்_அட்ரசஸ் மாற்றி @14-மெயின் ரீஸ்டார்ட் செய்ததும் 10.8.0.1-இல் கேட்கிறது. ஆனால் ஷேர்டு_பஃபர்ஸ் இன்னும் 128 எம்பியிலேயே நிற்கிறது. அதே ஃபைல், அதே ரீஸ்டார்ட்.


கெடிலக்கரை:

அப்படியானால் மேலே வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேளுங்கள்:

செலக்ட் நேம், செட்டிங், சோர்ஸ்ஃபைல், சோர்ஸ்லைன், பென்டிங்_ரீஸ்டார்ட் ஃப்ரம் பிஜி_செட்டிங்ஸ் வேர் நேம் = 'ஷேர்டு_பஃபர்ஸ்';

எந்த ஃபைலின் எத்தனையாவது வரியிலிருந்து மதிப்பு வந்தது என்று சொல்லிவிடும். சூப்பர்யூசராக நுழைந்து கேளுங்கள், சாதாரண பயனருக்கு சோர்ஸ்ஃபைல் காலியாக வரும். செட்டிங் நெடுவரிசையில் 16384 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது 8 கேபி பக்கங்களின் எண்ணிக்கை, பெருக்கினால் 128 எம்பி.


உப்பனாறு, கடலூர்:

சோர்ஸ்ஃபைல்: /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப். சோர்ஸ்லைன்: 3.


கெடிலக்கரை:

யாரோ எப்போதோ ஆல்டர் சிஸ்டம் செட் ஓட்டியிருக்கிறார்கள். 9.4 பதிப்பிலிருந்து உள்ள வசதி. அந்தக் கட்டளை எழுதுவது இந்த ஆட்டோ ஃபைலில். டெபியன் எவ்வளவு பிரித்து வைத்தாலும் இது ஒன்று மட்டும் டேட்டா அடைவுக்குள்தான் இருக்கும், ஏனென்றால் எழுதுவது மனிதரல்ல, சர்வர். எல்லா கான்ஃபிக்கையும் படித்து முடித்த பிறகு கடைசியாக இதைப் படிப்பதால் இது சொல்வதே நிலைக்கும். முதல் இரண்டு வரி "கையால் திருத்தாதே" என்ற எச்சரிக்கை, மூன்றாவது வரியில் உங்கள் 128 எம்பி. எச்சரிக்கையை மதித்து, பிஎஸ்க்யூஎல் உள்ளிருந்தே:

ஆல்டர் சிஸ்டம் ரீசெட் ஷேர்டு_பஃபர்ஸ்;

பிறகு ரீஸ்டார்ட். ரீலோட் (நிறுத்தாமல் கான்ஃபிக்கை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) போதாது. ஷேர்டு_பஃபர்ஸ், லிசன்_அட்ரசஸ், போர்ட், மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் நான்குக்கும் ரீஸ்டார்ட் வேண்டும். ஒர்க்_மெம், எச்பிஏ (யார் எங்கிருந்து நுழையலாம் என்ற விதி ஃபைல்) மாற்றங்களுக்கு ரீலோட் போதும். 16 ஜிபி ரேமில் 4 ஜிபி சரியான அளவுதான், மேலே போக வேண்டாம்.

இனி மெயின் ஃபைலில் கை வைக்காமல் அதே அடைவில் உள்ள கான்ஃப்.டி அடைவுக்குள் 90-அலுவலகம்.கான்ஃப் மாதிரி ஒன்று வைத்து அதில் எழுதுங்கள். பெயர் .கான்ஃப் என்று முடிந்தால்தான் படிக்கப்படும். ஒரே மதிப்பு இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் படித்ததே நிற்கும். எது எங்கே இரட்டிப்பாக இருக்கிறது என்று பார்க்க பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் என்ற வியூ இருக்கிறது.


தேவனாம்பட்டினம்:

இவ்வளவு சுற்றுவானேன்? எட்சி ஃபைலுக்கு டேட்டா அடைவிலிருந்து ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டுகிற குறுக்குவழி) போட்டுவிட்டால் இரண்டு இடமும் ஒன்றாகிவிடும். வீடியோ பார்த்து வேலை செய்கிறவர்களுக்கும் குழப்பம் இல்லை.


கெடிலக்கரை:

வேண்டாம் தம்பி. 16-க்கு மாறியதும் அந்த லிங்க் பழைய 14-ஐயே காட்டிக்கொண்டிருக்கும், அடுத்து வருகிறவர் அதைத் திருத்திவிட்டு இதே கேள்வியோடு இங்கே வருவார். அந்த மூன்றாவது நகலை .பழையது என்று பெயர் மாற்றி வையுங்கள், போதும். டேட்டா அடைவைக் காட்டி பிஜி_சிடிஎல்லை நேரடியாக ஓட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். டெபியனில் அது "கான்ஃபிக் ஃபைலை அணுக முடியவில்லை" என்று நின்றுவிடும். அந்த நகலைப் போட்டதே அந்தப் பிழையை அடக்கத்தானோ என்னவோ. பிஜி_சிடிஎல்கிளஸ்டர் 14 மெயின் ரீஸ்டார்ட் என்பதுதான் இங்கே முறை.

பேக்கப்பிலும் இதே கண்ணிதான். பிஜி_பேஸ்பேக்கப் டேட்டா அடைவை மட்டும் அள்ளும். எட்சியில் உள்ள கான்ஃப், பிஜி_எச்பிஏ இரண்டும் வராது. ஃபெஞ்சல் மாதிரி புயல் அறிவிப்பு வந்ததும் அவசர அவசரமாக டேட்டாவை மட்டும் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போனால், புது மெஷினில் தரவு இருக்கும், யார் எங்கிருந்து நுழையலாம் என்ற விதி ஒன்றும் இருக்காது. /எட்சி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் முழுவதையும் தினசரி பேக்கப்பில் சேருங்கள், சில கேபிதான்.


சுண்ணாம்பாறு, புதுச்சேரி:

மைஎஸ்க்யூஎல் பக்கம் நான் சொல்கிறேன். விண்டோஸ் இன்ஸ்டாலர் நிரலை புரோகிராம் ஃபைல்ஸில் வைக்கும், மை.இனியையும் டேட்டாவையும் இங்கே வைக்கும்:

சி:\புரோகிராம்டேட்டா\மைஎஸ்க்யூஎல்\மைஎஸ்க்யூஎல் சர்வர் 8.0\மை.இனி

புரோகிராம்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் சாதாரணமாகத் தெரியாது. முகவரிப் பட்டையில் நேரடியாக அடித்தால் திறக்கும். புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரண பயனர் எழுத முடியாது என்பதால் மாறுகிற தரவை அங்கே வைக்கக் கூடாது என்பது விண்டோஸ் விதி. மைஎஸ்க்யூஎல் அதை மதிக்கிறது. வேடிக்கை என்னவென்றால் விண்டோஸுக்கான போஸ்ட்கிரெஸ் இன்ஸ்டாலர் டேட்டாவை இன்னும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே வைக்கிறது.

இங்கேயும் யூகிக்க வேண்டாம். சர்வீசஸ் பட்டியலில் மைஎஸ்க்யூஎல்80-ஐ இரட்டைக் கிளிக் செய்து "பாத் டு எக்ஸிக்யூட்டபிள்" வரியைப் பாருங்கள். அதில் --டிஃபால்ட்ஸ்-ஃபைல்= என்று எந்தப் பாதை இருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும்தான் சர்வர் படிக்கும். சி டிரைவின் வேரில் யாராவது இன்னொரு மை.இனி வைத்திருந்தாலும் சீந்தாது. அந்த வரி பெட்டியைவிட நீளம், உள்ளே கிளிக் செய்து எண்டு பொத்தானை அழுத்தி கடைசிவரை போங்கள். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்சி க்யூசி மைஎஸ்க்யூஎல்80 என்று அடித்தால் முழுதும் தெரியும்.

அந்த மெஷினில் சாம்ப் (வலை சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்த தொகுப்பு) கூட இருக்கிறதா என்றும் பாருங்கள். வருகைப்பதிவு, பள்ளிக் கட்டணம் மாதிரி மென்பொருள் விற்பவர்கள் அதைச் சேர்த்தே போட்டுவிடுவார்கள். சாம்ப்புக்கு சொந்தமாக ஒரு மரியாடிபி (மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) உண்டு, அதன் மை.இனி சி:\சாம்ப்\மைஎஸ்க்யூஎல்\பின் அடைவில். இரண்டும் 3306-ஐக் கேட்கும், முதலில் எழுந்தது பிடித்துக்கொள்ளும். உள்ளே நுழைந்து

செலக்ட் @@வெர்ஷன், @@பேஸ்டிர், @@டேட்டாடிர், @@போர்ட்;

கேட்டால் எதனிடம் பேசுகிறோம் என்று தெரிந்துவிடும்.

ஃபைல் சரி, ஆனாலும் மாற்றம் ஏறவில்லை என்றால் நான்கு இடத்தில் தேடுங்கள். ஒன்று, நோட்பேட் மை.இனி.டிஎக்ஸ்டி என்று சேமித்திருக்கும், எக்ஸ்டென்ஷன் மறைந்திருப்பதால் கண்ணுக்கு மை.இனி என்றே தெரியும். இரண்டு, பழைய விண்டோஸ் நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால் ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் முதல் வரியைப் பார்த்ததும் குழுத் தலைப்பு இல்லை என்று பிழை காட்டி, சர்வீஸ் எழாமல் கிடக்கும். ஆன்சி என்று சேமியுங்கள். மூன்று, தலைப்பு. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை [மைஎஸ்க்யூஎல்டி] தலைப்புக்குக் கீழே எழுதினால்தான் சர்வருக்குப் போகும், கடைசியில் டி இல்லாத தலைப்புக்குக் கீழே எழுதினால் அது கிளையன்ட்டுக்கு. நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: பின்சாய்கோடு. ஆப்ஷன் ஃபைலில் \டீ (டேப் என்பதன் முதல் எழுத்து) என்பது டேப், \எஸ் என்பது இடைவெளி. டி: டிரைவில் "டேட்டா" என்ற ஃபோல்டரைப் பின்சாய்கோட்டோடு எழுதினால் அது டீ அல்ல, டி என்பதால் தப்பும், "சேல்ஸ்" என்று சிறிய எஸ்-இல் ஆரம்பித்தால் கட்டாயம் மாட்டும். பாதைகளில் முன்சாய்கோடே போடுங்கள், விண்டோஸிலும் வேலை செய்யும்.

போஸ்ட்கிரெஸின் ஆட்டோ ஃபைலுக்கு அண்ணன் தம்பி 8.0-இலும் உண்டு. செட் பெர்சிஸ்ட் என்று யாராவது ஓட்டியிருந்தால் டேட்டா அடைவில் மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் என்று ஜேசன் வடிவில் ஒரு ஃபைல் இருக்கும், மை.இனிக்குப் பிறகு படிக்கப்படும். பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவில் வேரியபிள்ஸ்_இன்ஃபோ டேபிளைப் பாருங்கள், வேரியபிள்_பாத் நெடுவரிசையில் பாதை வரும். நீக்க, ரீசெட் பெர்சிஸ்ட்.

உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் என்றால் பைண்ட்-அட்ரஸ் இருப்பது /எட்சி/மைஎஸ்க்யூஎல்/மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி/மைஎஸ்க்யூஎல்டி.சிஎன்எஃப். மரியாடிபி என்றால் மரியாடிபி.கான்ஃப்.டி அடைவில் 50-சர்வர்.சிஎன்எஃப். மை.சிஎன்எஃப் வெறும் சிம்லிங்க், உள்ளே இரண்டு மூன்று இன்க்ளூட் வரிதான். லினக்ஸில் இந்த ஃபைலுக்கு 777 உரிமை கொடுத்துவிடாதீர்கள். எல்லாரும் எழுதக்கூடிய ஃபைல் என்று எச்சரித்துவிட்டு மைஎஸ்க்யூஎல் மொத்தமாக ஒதுக்கிவிடும்.


உப்பனாறு, கடலூர்:

கிளை மெஷினில் சாம்ப் இருக்கிறது, 3306 அதன் கையில். சர்வீஸ் வரியில் பாதையும் கிடைத்துவிட்டது, நன்றி.

சர்வரில் ஷேர்டு_பஃபர்ஸ் சரியாகிவிட்டது. புதிதாக ஒன்று: கரண்ட் போய் வந்து மெஷின் தானாக எழுந்தால் உள்ளே வேலை செய்கிறது, கிளைக்கு மறுபடி ரெஃப்யூஸ்டு. கையால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. லிசன்_அட்ரசஸில் லோக்கல்ஹோஸ்ட், 10.8.0.1 இரண்டும் இருக்கின்றன. 16-க்கு எப்படி மாறுவது என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.


கெடிலக்கரை:

பூட் ஆகும்போது வயர்கார்டுக்கு முன்னால் போஸ்ட்கிரெஸ் எழுந்துவிடுகிறது. அந்த நொடியில் 10.8.0.1 என்ற முகவரியே மெஷினில் இல்லை. ஒரு முகவரி கிடைக்காவிட்டால் லாகில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு, கிடைத்த மற்றதோடு தொடர்வது போஸ்ட்கிரெஸின் வழக்கம். அதனால்தான் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் வேலை செய்கிறது.

சிஸ்டம்சிடிஎல் எடிட் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@.சர்வீஸ்

என்று திறந்து:

[யூனிட்]
வான்ட்ஸ்=டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0.சர்வீஸ்
ஆஃப்டர்=டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0.சர்வீஸ்

@-க்குப் பிறகு 14-மெயின் என்று குறிப்பிடாமல் விட்டிருப்பது, 16-க்குப் போன பிறகும் இதே வரி பொருந்தத்தான். நட்சத்திரக்குறி போட்டு எல்லா முகவரியிலும் கேட்கவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஃபயர்வாலில் 5432-ஐ விபிஎன்னுக்கு மட்டும் திறந்திருந்தால் ஒழிய அதைச் செய்யாதீர்கள். பிஜி_எச்பிஏவிலும் 10.8.0.0/24-க்கு மட்டும் ஸ்கிராம்-எஸ்எச்ஏ-256 (கடவுச்சொல் சரிபார்க்கும் முறை) வரி. மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும், ஆகவே பொதுவான வரி எதுவும் அதற்கு மேலே இருக்கக் கூடாது.

16-க்கு மாற, ஞாயிற்றுக்கிழமை பில்லிங் இல்லாத நேரமாகப் பாருங்கள். முதலில் 5432-இலிருந்து பிஜி_டம்ப்ஆல் (மொத்தத் தரவின் நகல்) எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். 5433-க்குள் பிஎஸ்க்யூஎல் -எல் போட்டு போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 மூன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே:

பிஜி_டிராப்கிளஸ்டர் --ஸ்டாப் 16 மெயின்
பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்

எண்ணை மாற்றி அடித்தால் போனது போனதுதான், முதல் கட்டளை கேள்வி கேட்காது. இரண்டாவது கட்டளை 14-இன் தரவையும் கான்ஃபிக்கையும் 16-க்குக் கொண்டுவந்து, 5432-ஐ 16-க்குக் கொடுத்து, 14-ஐ வேறு போர்ட்டில் தானாக எழாதபடி நிறுத்தி வைக்கும். இயல்பான முறை டம்ப் எடுத்து ஏற்றுவது. நேரம் பிடிக்கும், டிஸ்க்கில் தரவு அளவுக்கு மேலேயே காலி இடம் வேண்டும். ஆனாலும் உங்களுக்கு அதுதான் நல்லது. ஓஎஸ் ஏறியதில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.35-லிருந்து 2.39-க்குப் போயிருக்கிறது, அதோடு எழுத்து வரிசை விதிகளும் மாறியிருக்கலாம். மருந்துப் பெயர், வாடிக்கையாளர் பெயர் மீது கட்டிய இன்டெக்ஸ்களில் தேடினால் இருக்கிற வரியே இல்லை என்று வரக்கூடும். டம்ப் முறையில் எல்லா இன்டெக்ஸும் புதிதாகக் கட்டப்படும். மாறுவது தள்ளிப்போகும் என்றால் 14-இலேயே ரீஇன்டெக்ஸ் டேட்டாபேஸ் இன்றைக்கே ஓட்டிவிடுங்கள்.

அதுவரை ஏபிடி "இந்தத் தொகுப்புகள் இனி தேவையில்லை, நீக்கலாமா" என்று கேட்டால் ஆம் சொல்லாதீர்கள். அந்தப் பட்டியலில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-14 இருக்கக்கூடும். நீக்கிவிட்டால் தரவு அப்படியே இருக்கும், ஓட்டுகிற நிரல் போய்விடும், பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் "டவுன், பைனரீஸ்_மிஸ்ஸிங்" என்று காட்டும்.

மாறி முடிந்ததும் ஒருமுறை மெஷினையே ரீபூட் செய்து, எஸ்எஸ் -எல்டிஎன்பி கட்டளையில் 10.8.0.1:5432 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தட்டாஞ்சாவடிக்குச் சொல்லி ஒரு பில் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு பழைய 14-ஐ டிராப் செய்யலாம்.